இலைச் சாற்றிலே உலோகப் பொடி! வயலுக்கு வருவது எப்போது?

ஆழ்வார்திருநகரி என்றதும் எல்லோருக்கும் புளியமரம்தான் ஞாபகத்துக்கு வரும். ஆதிநாதர் கோவிலில் நிற்கிறது அந்த மரம். நம்மாழ்வார் அதன் அடியில்தான் அமர்ந்திருந்தார் என்பது ஊரார் நம்பிக்கை. மற்றப் புளியமரங்கள் பொழுது சாய்ந்ததும் இலையை மூடிக்கொள்ளும். இந்த மரம் மூடுவதில்லை என்பார்கள். அதனால்தான் "உறங்காப் புளி" என்று பெயர்.

இன்று நாம் பேசப்போவது அந்த மரத்தைப் பற்றி அல்ல. அதில் ஓர் இலையைக்கூட யாரும் கிள்ள வேண்டாம்! ஊரைச் சுற்றிச் சாலை ஓரங்களில் நிற்கிறதே சாதாரணப் புளி, அதைப் பற்றித்தான் பேச்சு.

அந்தப் புளிய இலையைத் தண்ணீரில் கொதிக்க வைக்கிறார்கள். சாற்றை வடிகட்டுகிறார்கள். அதில் துத்தநாக உப்பு கரைத்த தண்ணீரைக் கலக்கிறார்கள். கடைசியில் கிடைப்பது ஒரு வெள்ளைப் பொடி. ஒவ்வொரு துகளும் கண்ணுக்குத் தெரியாது. சாதாரண பூதக்கண்ணாடிக்கும் தெரியாது. அவ்வளவு சிறியது. இதற்கு "நானோ" பொடி என்று பெயர்.

புளி மட்டும் அல்ல. வேம்பு, துளசி, முருங்கை, சோற்றுக்கற்றாழை, நொச்சி, வெற்றிலை என்று நம் வீட்டுக் கொல்லையில் உள்ள பச்சிலைகள் பலவற்றிலும் இதைச் செய்து பார்த்துவிட்டார்கள். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் ரசாயனம், தாவர இயல் படிக்கும் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். "எங்கள் காலேஜிலும் செய்தோம்" என்று பலர் சொல்வார்கள்.

செய்தார்கள், சரி. செய்த பொடி எங்கே போயிற்று? அதுதான் நம் கேள்வி.

துருவும் ஓர் ஆக்சைடுதான்

முதலில் "உலோக ஆக்சைடு" என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். பெயர்தான் பெரிது. சங்கதி சிறிது.

மழையில் கிடந்த அரிவாளில் செந்நிறமாகத் துரு பிடிக்கிறது அல்லவா? இரும்பும், காற்றில் உள்ள பிராணவாயுவும், ஈரமும் சேர்ந்ததுதான் அது. அதாவது இரும்பு ஆக்சைடு. செப்புக் குடம் நாளாக ஆகக் கறுத்துப் போகிறது. அந்தக் கறுப்பு, செம்பு ஆக்சைடு. நம் வீட்டுத் தாய்மார்கள் புளியைப் போட்டு அதைத் தேய்க்கிறார்கள். குடம் பளபளக்கிறது. புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் ஆக்சைடைக் கரைத்துவிடுகிறது.

ஆழ்வார்திருநகரிக்காரர்களுக்கு உலோகம் புதிது அல்ல. மேற்கே சில மைலில் ஆதிச்சநல்லூர். 1876-ல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் அங்கே தோண்டினார். பிறகு அலெக்சாண்டர் ரீ தோண்டினார். தாழிகளோடு இரும்பு ஆயுதங்களும் வெண்கலப் பொருள்களும் வந்தன. பக்கத்துச் சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று தமிழக அரசு 2025 ஜனவரி 23-ல் அறிவித்தது. இரும்பு செய்த கைகளுக்குத் துருவும் தெரிந்திருக்கும்!

புளி ஆக்சைடைக் கரைக்கிறது என்றோம். ஆராய்ச்சிச்சாலையில் நடப்பது அதற்குத் தலைகீழ் வேலை. தண்ணீரில் கரைந்திருக்கும் உலோகத்தைத் திரும்ப ஆக்சைடாகத் திரட்டுகிறார்கள். ஆனால் கட்டியாக அல்ல, மிக மிக நுண்ணிய துகளாக.

ஒரு கட்டி, பதினைந்து சென்ட்!

நானோ மீட்டர் என்பது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. நம் தலைமுடி ஒன்றின் பருமன் சுமார் 80,000 நானோ மீட்டர். இந்தப் பொடியின் துகள் 100 நானோ மீட்டருக்கும் குறைவு.

இவ்வளவு சிறிதாக்குவதில் என்ன லாபம்? கல் உப்பையும் தூள் உப்பையும் எண்ணிப் பாருங்கள். எது சீக்கிரம் கரைகிறது? தூள்தான். தண்ணீர் தொடும் பரப்பு அதில் அதிகம்.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு சென்டி மீட்டர் நீளம், அகலம், உயரம் உள்ள கட்டி ஒன்று. சுண்டைக்காய் அளவு. அதன் ஆறு பக்கத்தையும் சேர்த்தால் 6 சதுர சென்டி மீட்டர் பரப்பு. அதையே 10 நானோ மீட்டர் கட்டிகளாக நறுக்கிவிட்டால்? மொத்தப் பரப்பு 600 சதுர மீட்டர் ஆகிவிடும். அதாவது ஏறக்குறைய 15 சென்ட் நிலம்! எடை அதே எடைதான். ஒரு குந்துமணி கூடவில்லை. ஆனால் வேலை செய்யும் பரப்பு பத்து லட்சம் மடங்கு.

அதனால்தான் இந்தப் பொடி கிருமியோடு சண்டை போடுகிறது. தண்ணீரில் உள்ள விஷத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. முகத்தில் பூசும் வெயில் களிம்பில் கலந்தால், வெள்ளையாகத் திட்டுத் திட்டாகத் தெரியாமல் வெயிலைத் தடுக்கிறது.

இலை என்ன செய்கிறது?

இங்கே பலர் ஒரு தவறு செய்கிறார்கள். இலையிலிருந்தே துத்தநாகம் வருகிறது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. துத்தநாகம், கடையில் வாங்கும் உப்பிலிருந்து வருகிறது. இலைச் சாற்றில் துவர்ப்புப் பொருள்கள் உண்டு. புளிப்பு அமிலங்கள் உண்டு. அவை உலோகத்தைப் பற்றிக்கொள்கின்றன. துகள்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கட்டியாகிவிடாமல் நடுவே நிற்கின்றன. சண்டை போடும் பிள்ளைகளுக்கு நடுவே பாட்டி உட்கார்ந்துகொள்வது போல!

பிறகு அதை உலர்த்தி, உலையில் சுடுகிறார்கள். 400 டிகிரி சூடு வரை போவது உண்டு. இலைப் பொருள் பெரும்பாலும் எரிந்துபோகும். பொடி மிஞ்சும்.

சுடுவது என்றதும் சித்த வைத்தியர்களுக்குப் புடம் ஞாபகம் வரும். நியாயம்தான். அயச்செந்தூரம் இரும்பில் செய்வது. நாக பற்பம் துத்தநாகத்தில் செய்வது. பச்சிலைச் சாற்றில் அரைத்து, வில்லை தட்டி, ஓட்டில் மூடி, வரட்டி அடுக்கிப் புடம் போடுவார்கள். இப்படிச் செய்த துத்தநாக பற்பத்தை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். நானோ அளவுத் துகள்கள் அதில் இருந்தன.

"பார்த்தீர்களா, சித்தர்களுக்கு நானோ தெரியும்!" என்று மேடையில் முழங்குகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. அவர்களுக்குப் புடம் தெரியும். பக்குவம் தெரியும். அதுவே பெரிய பெருமை. இல்லாத பெருமையை ஏன் ஒட்டவைக்க வேண்டும்? பக்குவம் தப்பினால் என்ன ஆகும் என்பதும் நமக்குத் தெரிய வேண்டும். 2004-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரக் கடைகளில், தெற்காசியாவில் தயாரான 70 ஆயுர்வேத மருந்துகளை வாங்கிச் சோதித்தார்கள். 14-ல் ஈயமோ, பாதரசமோ, ஆர்சனிக்கோ இருந்தது. ஐந்தில் ஒன்று! ஆகவே பற்பமோ செந்தூரமோ, படித்த வைத்தியர் கொடுக்காமல் வாயில் போடாதீர்கள்.

புனாவில் ஒரு தொடக்கம்

இந்தப் பச்சிலை முறை உலகத்துக்குத் தெரிய வந்ததில் நம் நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. புனாவில் தேசிய ரசாயன ஆராய்ச்சிச்சாலை இருக்கிறது. அங்கே முரளி சாஸ்திரி என்ற விஞ்ஞானியின் குழு, 2003, 2004 வருஷங்களில் ஜெரேனியம் இலை, வேப்பிலை, எலுமிச்சம்புல் ஆகியவற்றின் சாற்றைக் கொண்டு வெள்ளி, தங்க நானோ துகள்களைச் செய்து காட்டியது. வெள்ளி, தங்கத்துக்குப் பிறகு துத்தநாகம், இரும்பு, செம்பு ஆகியவற்றின் ஆக்சைடுகளுக்கும் இந்த முறை பரவியது. 2007-ல் மத்திய அரசு "நானோ மிஷன்" என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஐந்து வருஷத்துக்கு 1,000 கோடி ரூபாய் ஒதுக்கியது.

அதன் பிறகு ஒரு வேகம் வந்தது. பெரிய மெஷின் வேண்டாம், விலை உயர்ந்த மருந்து வேண்டாம். இலை இருந்தால் போதும். சிறிய ஊர்க் கல்லூரிகளும் இறங்கின. நல்லதுதான். ஏழைப் பிள்ளைகள் ஆராய்ச்சி செய்ய ஒரு கதவு திறந்தது. அதைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் கதவைத் திறந்தவர்கள் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்களே! ஒருவர் புளியிலையில் செய்தார். அடுத்தவர் புளியங்கொட்டையில் செய்தார். இன்னொருவர் புளிய ஓட்டில் செய்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டுரை. தட்டில் வளர்த்த கிருமி செத்தது என்று ஒரு படம். பட்டம் கிடைத்தது. பொடி குப்பியில் தூங்குகிறது.

பச்சை, பச்சை என்கிறார்களே?

"இது பச்சை முறை. இயற்கை முறை. ஆகவே தீங்கு இல்லை" என்று எழுதுகிறார்கள். இந்த "ஆகவே"தான் எனக்குப் பிடிக்கவில்லை. அரளியும் பச்சைதான்! அதன் விதையை அரைத்துக் குடிக்கலாமா?

துத்தநாக நைட்ரேட் உப்பு ஆலையில் அமிலத்தைக் கொண்டு செய்வது. உலைக்கு மின்சாரம் வேண்டும். இலை போடுவதால் இவை மறைந்துவிடா. காரச் சோடா போட்டாலும் இதே பொடி வரும். அப்படியானால் இலையால் என்ன லாபம்? இலை போட்ட பொடியையும், போடாத பொடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்தால்தானே தெரியும்? பல கட்டுரைகளில் இந்த ஒப்பீடே கிடையாது.

இன்னொரு சங்கடம். இலை, ஆலையில் வார்த்த சாமான் அல்ல. ஆத்தூர் வெற்றிலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆழ்வார்திருநகரிக்குக் கிழக்கே உள்ள ஊர் அது. அந்த வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஏன்? அந்த மண்ணும் தாமிரபரணித் தண்ணீரும் கொடுக்கிற காரம் வேறு ஊர் வெற்றிலைக்கு இல்லை. தின்கிறவனுக்கு இது பெருமை. பொடி செய்கிறவனுக்கு இதுவே தலைவலி! கொழுந்து வெற்றிலைச் சாறு வேறு, முற்றிய வெற்றிலைச் சாறு வேறு. கோடையில் ஒன்று, மழையில் ஒன்று. இன்று 30 நானோ மீட்டரில் வந்த துகள் அடுத்த மாதம் 80-ல் வரும். மருந்துக்கோ உரத்துக்கோ அப்படி ஏறி இறங்கலாமா?

ஆற்றில் கலந்தால் என்ன ஆகும் என்பதும் ஒரு கேள்வி. துத்தநாக ஆக்சைடு பொடி கொசுப்புழுவைக் கொல்கிறது என்று ஆராய்ச்சிச்சாலையில் காட்டியிருக்கிறார்கள். கொசுப்புழு மட்டுமா சாகும்? பாசியும், மீன்குஞ்சு தின்னும் சின்னஞ்சிறு நீர்ப்பூச்சிகளும் துத்தநாகம் மிஞ்சினால் சாகும். பொதிகையில் பிறந்து புன்னக்காயலில் கடலில் சேரும் ஆறு தாமிரபரணி. கடைசி அணை ஸ்ரீவைகுண்டம். அதற்கும் கீழே இருக்கிறது ஆழ்வார்திருநகரி. மேலே எந்த ஊரில் எது கலந்தாலும், எல்லாம் கடந்து கடைசியில் வந்து சேர்வது இந்த ஜனங்களிடம்தான்.

வெளிநாட்டார் எவ்வளவு கவனமாக இருக்கிறார்கள் பாருங்கள். ஐரோப்பிய நாடுகளில் வெயில் களிம்பில் நானோ துத்தநாக ஆக்சைடை 25 சதவீதம் வரை சேர்க்கலாம் என்று 2016-ல் அனுமதித்தார்கள். ஆனால் மூச்சோடு உள்ளே போகிற மாதிரி பீய்ச்சி அடிக்கும் சாமானில் கூடாது என்றார்கள். தோலுக்குச் சரி, நுரையீரலுக்கு ஆகாது! அதே பொடிதான். நம் நாட்டிலும் நானோ மருந்துக்கு 2019-லும், நானோ உரம், உணவுக்கு 2020-லும் வழிகாட்டு விதிகளை மத்திய அரசு வெளியிட்டிருக்கிறது. விதி இருக்கிறது. வாங்குகிறவர்கள் கேட்டால்தானே விற்கிறவர்கள் அதைத் திறந்து பார்ப்பார்கள்?

சென்னையில் செய்து காட்டினார்கள்

"அப்படியானால் எல்லாம் வெறும் கட்டுரைதானா?" என்று கேட்பீர்கள். இல்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் பிரதீப் என்ற பேராசிரியர் இருக்கிறார். குடிதண்ணீரைச் சுத்தம் செய்வதில் அவர் குழு இறங்கியது. அவர்கள் எடுத்தது இலை அல்ல. இறால், நண்டு ஓடுகளிலிருந்து கிடைக்கும் கைட்டோசான் என்ற பொருள். நம் தூத்துக்குடிப் பக்கம் மூட்டை மூட்டையாகக் கழிவாகிற ஓடுதான்! அதன் துணையோடு உலோக ஆக்சைடு குருணைகளைச் செய்தார்கள். இலை செய்கிற வேலையை இங்கே ஓடு செய்தது. உயிர்ப்பொருள் ஒன்று உலோகத் துகளைத் தாங்கிப் பிடித்தது. உலை வேண்டாம், தண்ணீரிலேயே சாதாரணச் சூட்டில் செய்யலாம். ஒரு குடும்பத்துக்குச் சுத்தமான குடிதண்ணீர் வருஷத்துக்கு இரண்டரை டாலரில் கொடுக்கலாம் என்று 2013-ல் கணக்கோடு எழுதினார்கள்.

ஆர்சனிக் என்ற விஷம் வங்காளத்துக் கிணறுகளில் பரவிக் கிடக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் 0.01 மில்லி கிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அந்த விஷத்தைப் பிடிக்க இரும்பு ஆக்சைடு இனப் பொருளைக் கொண்டு "அம்ருத்" என்ற வடிகட்டியைச் செய்தார்கள். 10 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜனங்களுக்கு அந்தத் தண்ணீர் போய்ச் சேர்ந்தது. பிரதீப்புக்கு 2020-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

இதில் ரகசியம் ஏதும் இல்லை. அவர்கள் ஒரே காரியத்தைப் பிடித்தார்கள். விடவில்லை. கிராமத்துக்குப் போனார்கள். அங்கே உள்ள கலங்கல் தண்ணீரில், அங்கே உள்ள ஜனங்கள் கையில், பல வருஷம் வைத்துப் பார்த்தார்கள்.

உரக் கடையில் உஷார்!

விவசாயிகளுக்கு ஒரு வார்த்தை. "நானோ" என்று புட்டியில் எழுதியிருந்தால் உடனே மயங்கிவிட வேண்டாம். 2021-ல் இஃப்கோ நிறுவனம் நானோ யூரியாவைக் கொண்டுவந்தது. அரை லிட்டர் புட்டி, ஒரு மூட்டை யூரியாவுக்குச் சமம் என்றார்கள். பஞ்சாப் வேளாண்மைப் பல்கலைக்கழகம் வயலில் சோதித்தது. வழக்கமான யூரியாவைக் குறைத்து இதைத் தெளித்ததில் நெல் மகசூல் 13 சதவீதமும், கோதுமை 21.6 சதவீதமும் குறைந்தது என்று சொன்னது. நிறுவனம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. யார் சொல்வது சரி என்று தீர்க்க நான் யார்? எனக்குத் தோன்றுவது இவ்வளவுதான்: வழக்கு, விற்பனைக்கு முன்னால் வயலில் தீர்ந்திருக்க வேண்டும். விவசாயியின் பத்தாயத்தில் அல்ல!

துத்தநாகம் நெல்லுக்குத் தேவை என்பதில் சந்தேகமே இல்லை. குறைந்தால் இலையில் துரு நிறத்தில் புள்ளி விழும். பயிர் குட்டையாகிவிடும். 1966-ல் பந்த்நகரில் நேனே என்ற விஞ்ஞானி இதைக் கண்டுபிடித்தார். அதனால்தான் இன்று ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட் போடச் சொல்கிறார்கள். அதில் பெரும் பகுதி மண்ணில் சிக்கிக்கொள்கிறது. பயிருக்குப் போவது கொஞ்சம்தான். நுண்பொடி உண்மையிலேயே உதவுமானால், இந்த இடத்தில்தான் உதவ வேண்டும்.

சோதித்துப் பார்க்க நாம் டில்லிக்குப் போக வேண்டாம். ஒரே ஆற்றங்கரையில் எல்லாம் இருக்கின்றன. அம்பாசமுத்திரத்தில் நெல் ஆராய்ச்சி நிலையம். அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி. வல்லநாட்டுக்குப் பக்கத்தில் கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரி. பொடி செய்யத் தெரிந்தவர்கள் ஒரு பக்கம். புடம் தெரிந்தவர்கள் ஒரு பக்கம். வயல் வைத்திருப்பவர்கள் இன்னொரு பக்கம். இவர்கள் ஒரு மேஜையில் உட்கார வேண்டும். ஒரே ஓர் இலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். என்னைக் கேட்டால் வாழை என்பேன். தார் வெட்டிய பிறகு மரமும் இலையும் கரை நெடுகக் கிடந்து அழுகுகின்றன. வெட்டிப் போட ஆள் கூலிதான் தண்டம்.

அந்தச் சாற்றில் செய்த பொடி ஒரு பாத்தியில். இலை இல்லாமல் செய்த பொடி அடுத்த பாத்தியில். வழக்கமான 10 கிலோ சல்பேட் மூன்றாவதில். ஒன்றும் போடாதது நான்காவதில். காரில் ஒரு முறை, பிசானத்தில் ஒரு முறை. அப்படி இரண்டு வருஷம். வடிகால் தண்ணீரையும் புட்டியில் பிடித்துச் சோதிக்க வேண்டும். நெல்லை அளந்து, செலவைக் கூட்டி, பலன் வந்தாலும் வராவிட்டாலும் ஸ்ரீவைகுண்டம் தாலுகா விவசாயிகளுக்குப் புரிகிற தமிழில் ஒரு பக்கத்தில் அச்சடித்து உரக் கடை வாசலில் ஒட்டட்டும்.